சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு: விருத்தாசலம் செராமிக் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

கண்காட்சிக் காலம் வந்தால் போதும், செராமிக் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது வீட்டுப் படியேறி விடுவார்கள். "சார், தானா கலர் மாறிக்கிட்டே இருக்குமே, அந்த ரியாக்‌ஷன் செய்யணும்" என்பார்கள். கைப்பேசியில் வீடியோ இருக்கும், செய்முறையும் இருக்கும். என்ன போட வேண்டும் என்று கேட்கிறவர்கள், அது ஏன் ஆடுகிறது என்று கேட்பதில்லை. செய்முறை பொய்த்துப்போன நாளில்தான் அந்தக் கேள்வி தேவைப்படும். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன விஷயங்களை இங்கே வரிசை எண் போட்டு எழுதி வைக்கிறேன். எண் வரிசை வசதிக்காகத்தான். எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல.

1. முதலில் ஊஞ்சலை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். ஊஞ்சல் நடுப்புள்ளியைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், திரும்பி வரும். வேதிவினை சமநிலையைத் தாண்டி அந்தப் பக்கம் போவதே இல்லை. நீங்கள் கேட்கும் அந்த வினையில், குடுவையிலுள்ள மலோனிக் அமிலமும் புரோமேட்டும் குறைந்துகொண்டே போகும். கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக வெளியேறிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கில் ஏற்ற இறக்கம் கிடையாது, ஒரே திசைதான். ஆடுவது இடையில் தோன்றி மறையும் சில பொருள்கள் மட்டும்: புரோமைடு, புரோமஸ் அமிலம், நிறம் காட்டும் உலோக அயனி. மொத்த வினை மலையிறங்கிக்கொண்டே இருக்கும்போது இடைப்பொருள்கள் மேலும் கீழும் போய்வருகின்றன. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

2. இது புரியாமல் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். மாஸ்கோவில் போரிஸ் பெலூசோவ் என்ற வேதியியலாளர், 1951 வாக்கில், உயிரணுவில் நடக்கும் கிரெப்ஸ் சுழற்சிக்கு ஒரு சோதனைக்குழாய் மாதிரி செய்து பார்க்கலாம் என்று சிட்ரிக் அமிலம், புரோமேட், சீரியம் உப்பு, கந்தக அமிலம் ஆகியவற்றைக் கலந்தார். கரைசல் மஞ்சளானது, நிறமிழந்தது, மறுபடி மஞ்சளானது. கட்டுரை அனுப்பினார். இப்படி நடக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதைத் தடுக்கிறது என்பது அவர்கள் எண்ணம். விதி சொல்வது வேறு: மூடிய அமைப்பு சமநிலையை நோக்கித்தான் போகும், சமநிலையைச் சுற்றி ஆடாது. சமநிலையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும்போது இடைப்பொருள்கள் ஆடக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. கடைசியில் 1959-இல் கதிரியக்க மருத்துவச் சுருக்கத் தொகுப்பு ஒன்றில், யாரும் புரட்டாத மூலையில், அது அச்சானது. 1961-இல் ஆய்வு மாணவராக இருந்த அனத்தோலி ஷபோட்டின்ஸ்கி அதை எடுத்துச் சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் மலோனிக் அமிலம் போட்டு ஒழுங்காக ஆராய்ந்தார். இன்று பெலூசோவ்-ஷபோட்டின்ஸ்கி வினை என்று இருவர் பேரையும் சேர்த்துச் சொல்கிறோம். 1980-இல் லெனின் பரிசு கொடுத்தபோது பெலூசோவ் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

அதற்கும் முன்பு, 1921-இல், அமெரிக்காவில் பெர்க்லியில் வில்லியம் பிரே என்பவர் ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடேட் கலவையில் இதே போன்ற ஆட்டத்தைக் கண்டு எழுதினார். தூசியின் வேலையாக இருக்கும், ஏதோ கலப்படம் என்று பலர் தள்ளிவிட்டார்கள். தூசிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது வேறு கதை; பத்தாவது குறிப்பில் வருகிறேன்.

3. கை ஆட்டி ஆடுவது கணக்கில் சேராது. நீலப்புட்டிச் சோதனை என்று ஒன்று செய்வீர்கள்: குளுக்கோஸ், காரம், மெத்திலீன் நீலம். புட்டியைக் குலுக்கினால் நீலம், வைத்தால் நிறமில்லை. அழகுதான். ஆனால் குலுக்கியது உங்கள் கை. காற்றிலிருந்த ஆக்சிஜனைக் கலந்தது நீங்கள். நம் தொழிலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்: செம்பு போட்ட கிளேஸ், சூளையில் காற்று தாராளமாக இருந்தால் பச்சை, டாம்பரை அடைத்துப் புகையூட்டினால் சிவப்பு. டாம்பரை நூறு தரம் திறந்து மூடினாலும் அது ஊசலாடும் வினை ஆகாது. வெளிநிலை மாறாமல் இருக்கும்போதும் உள்ளே தானாக மாறினால்தான் இந்தக் கணக்கில் சேரும்.

4. இனி நிபந்தனைகள். முதலாவது, சமநிலையிலிருந்து தொலைவு. எரிபொருள் கையில் நிறைய இருக்க வேண்டும், தீர்ந்துபோகும் தறுவாயில் இருக்கக் கூடாது. குடுவையில் ஒருமுறை கலந்துவிட்டு விட்டால், கையிருப்பு இருக்கும்வரை ஆடும், பிறகு அடங்கும். விடாமல் ஆட வேண்டுமானால் ஒரு பக்கம் புதுக் கரைசல் சொட்டிக்கொண்டும் மறுபக்கம் பழையது வழிந்துகொண்டும் இருக்க வேண்டும். வேதிப் பொறியாளர்கள் இதைத் தொடர் ஓட்டக் கலன் என்பார்கள். பம்பு இரண்டும் கலக்கியும் இருந்தால் ஆய்வகத்திலேயே கட்டலாம். இப்படித் தள்ளியே நிற்கும் அமைப்புகளில் ஒழுங்கு தோன்றுவதைக் கோட்பாடாக எழுதியதற்குத்தான் இல்யா பிரிகோஜினுக்கு 1977-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

5. இரண்டாவது நிபந்தனை, தன்னைத் தானே பெருக்கும் ஒரு படி. புரோமஸ் அமிலம் ஒரு மூலக்கூறு, புரோமேட்டோடு சேர்ந்து, சீரியத்தை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு முடிக்கும்போது இரண்டாகிறது. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். அதனால்தான் நிறம் மெதுவாக நகராமல் சட்டென்று பாய்கிறது. ஏறுவரிசையில் வேகம் எடுக்காத வினை ஆடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகப் பொருள் குறையக் குறைய வேகமும் குறையும் வினைகள் சமநிலைக்கு நேராகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆனால் பெருக்கம் மட்டும் போதாது. ஹான்ஸ் லாண்டோல்ட் 1886-இல் காட்டிய கடிகார வினையைப் பாருங்கள். அயோடேட்டும் பைசல்ஃபைட்டும் ஸ்டார்ச்சும் கலந்த தெளிந்த கரைசல், குறித்த நேரம் கழித்துப் பளிச்சென்று கருநீலமாகும். அதோடு சரி. திரும்பிப் பழைய நிலைக்கு வருவதற்கு அதற்கு வழியில்லை. ஒருமுறை அடித்து நின்ற மணி அது.

6. ஆகவே மூன்றாவது நிபந்தனை, தாமதமாக விழும் தடை. இதைத்தான் நீங்கள் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகிறீர்கள். கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

எங்கள் வினையில் தடை போடுவது புரோமைடு. புரோமைடு நிறைய இருக்கும்வரை, புரோமஸ் அமிலத்தை அது உடனுக்குடன் பிடித்துத் தின்றுவிடும், பெருக்கம் தலைதூக்காது. அந்த வேலையில் புரோமைடும் செலவாகிறது. ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியதும் பெருக்கம் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அந்த எல்லை மிகக் கீழே இருக்கிறது. புரோமேட் செறிவில் ஏறத்தாழ 2 லட்சத்தில் ஒரு பங்கு. பெருக்கம் கிளம்பியதும் சீரியம் முழுவதும் மஞ்சளாகிறது. அந்த மஞ்சள் சீரியம் போய்ப் புரோமோமலோனிக் அமிலத்தை உடைக்கிறது; உடைந்ததிலிருந்து புரோமைடு வெளியே வருகிறது. வந்த புரோமைடு மறுபடி தடை போடுகிறது. கவனியுங்கள்: வினை தனக்கான தடையைத் தானே தயாரிக்கிறது, ஆனால் உடனே அல்ல, ஒரு சுற்று சுற்றி வந்த பிறகு. அந்தச் சுற்றுவழிதான் தாமதம். ரிச்சர்ட் ஃபீல்ட், எண்ட்ரே கோரோஷ், ரிச்சர்ட் நோய்ஸ் மூவரும் 1972-இல் இதைப் படிப்படியாகப் பிரித்து எழுதினார்கள். பத்துக்கு மேற்பட்ட படிகள். மேலே சொன்னது அதன் எலும்பு.

தாமதம் எப்படி ஆட்டத்தைப் பிறப்பிக்கும் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ஆன்-ஆஃப் கன்ட்ரோலர் போட்ட மின்சூளையில் தெர்மோகப்பிளைத் தடித்த பீங்கான் உறைக்குள் செருகிப் பாருங்கள். உள்ளே 1200 டிகிரி வந்துவிட்டது. உறை தாண்டிக் கம்பிக்குச் சேதி போவதற்குள் சூளை இன்னும் ஏறியிருக்கும். கன்ட்ரோலர் அணைக்கும். சூளை இறங்கும், அந்தச் சேதியும் தாமதமாகத்தான் வரும். எழுதுமுனை வரைந்த தாளில் மலை, பள்ளம், மலை, பள்ளம். உறையை மெல்லியதாக மாற்றினால் மலைகள் சிறுக்கும். தடையும் இருக்க வேண்டும், அது தாமதமாகவும் வர வேண்டும். தாமதமில்லாத தடை, வினையை அமைதியாக ஒரு நிலையில் நிறுத்திவிடும். தடையில்லாத பெருக்கம் லாண்டோல்ட் கடிகாரம் போலத் தீர்ந்துபோகும்.

எண்ணெய்ச் சூளையில் ரிடக்‌ஷன் கட்டும்போது சுடர் பார்வைத் துளை வழியே புஸ், புஸ் என்று விட்டுவிட்டு மூச்சு வாங்குவதையும் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் மிஞ்சிக் காற்று போதாதபோது அது நடக்கும். துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், ஆராய்ச்சிக்காகவும் வேண்டாம்.

7. மூன்றையும் வைத்துக்கொண்டு புது வினையை வடிவமைக்க முடியுமா? முடிந்தது. அதுவரைக்கும் கிடைத்த ஊசலாடும் வினைகள் எல்லாம் தற்செயலாகக் கண்டவை, அல்லது அவற்றின் பங்காளிகள். 1981-இல் பாட்ரிக் தெ கெப்பர், இர்விங் எப்ஸ்டைன், கென்னத் குஸ்டின் மூவரும் கணக்குப் போட்டு ஒன்றைச் செய்தார்கள். வழி இதுதான்: தொடர் ஓட்டக் கலனில் ஒரே நிபந்தனையில் இரண்டு நிலைகளில் எதிலும் நிற்கக்கூடிய தன்பெருக்க வினை ஒன்றைப் பிடி. பிறகு அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே மெதுவாகத் தள்ளிவிடும் இன்னொரு பொருளைச் சேர். ஒரு நிலையில் இருக்கும்போது அடுத்த நிலைக்குத் தள்ளும். அங்கே போனதும் இங்கே தள்ளும். அவர்கள் தேர்ந்தது ஆர்சனைட்-அயோடேட் வினை. கூடச் சேர்த்தது குளோரைட். ஆர்சனிக் விஷம், நீங்கள் படித்தால் போதும். ஆனால் அந்தச் சிந்தனை முறையை மனப்பாடம் செய்யுங்கள். செய்முறையைச் சேகரிப்பவனுக்கும் வேதியியல் தெரிந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கிறது.

8. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

9. தண்ணீர். கண்காட்சி மேசையில் ஆட்டம் நின்றுபோவதற்கு முதல் காரணம் இதுதான். குளோரைடு இந்த வினைக்குப் பகை. புரோமஸ் அமிலத்தோடு அது சேர்ந்து பெருக்கத்தின் கழுத்தை நெரித்துவிடும். போர் தண்ணீர் ஆகாது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரும் ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணீர்தான். பேட்டரிக் கடையில் வாங்கியதை நம்புவதற்கு முன் சோதித்துவிடுங்கள்: கொஞ்சம் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு, பிறகு வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு. பால் போலக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது. சோதித்த குழாயைத் தனியாக வையுங்கள்; அதில் ஒட்டிய வெள்ளி புரோமைடைப் பிடித்துக்கொண்டு வேறு விளையாட்டுக் காட்டும்.

கந்தக அமிலம் தீர்ந்துவிட்டது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறதே, அமிலம் அமிலம்தானே என்று ஒருவரும் போடக் கூடாது. நிறங்காட்டியான ஃபெரோயினைத் தயாரிக்கும்போது ஃபெரஸ் சல்ஃபேட்டும் பீனாந்த்ரோலினும். குளோரைடு உப்பு கூடாது. பிப்பெட்டைக் குழாயில் கழுவி அப்படியே முக்குவதும் கூடாது. வேர்வைக் கையையும் உள்ளே விடாதீர்கள், வேர்வையிலும் உப்புதான். இத்தனையையும் மீறிக் குளோரைடு புகுந்த குடுவையை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினாலும் ஆட வைக்க முடியாது.

இதையே கண்காட்சியில் சாட்சியாக்கலாம். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் குடுவையில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போடுங்கள். நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு எது தேவை என்பதைவிட எது கெடுக்கிறது என்பது சீக்கிரம் பதியும்.

10. இப்போது தட்டு. கலக்கியில் சுழலும் குடுவையில் ஆட்டம் நேரத்தில் மட்டும் தெரியும்: முழுக் கரைசலும் ஒன்றாகச் சிவப்பு, ஒன்றாக நீலம். கலக்காமல் மெல்லிய படலமாக ஊற்றினால் அதே ஆட்டம் இடத்திலும் விரியும். அதற்கு அடியில் வெள்ளை வேண்டும். இதில் நம் ஊருக்கு ஒரு வசதி, வெள்ளை கிளேஸ் போட்ட தட்டையான தட்டு எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். மேல் கிளேஸில் மயிரிழை வெடிப்பு இல்லாததாகப் பார்த்து எடுங்கள். வெடிப்பு வழியாகக் கரைசல் உடம்புக்குள் இறங்கிவிடும். பிஸ்கட் தட்டு வேண்டவே வேண்டாம், உறிஞ்சிவிடும். நிறங்காட்டிக்குச் சீரியத்தை விட ஃபெரோயின் நல்லது: ஒடுக்கநிலையில் செங்கல் சிவப்பு, ஆக்சிஜனேற்ற நிலையில் வெளிர்நீலம்.

படலம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் ஊற்றி, கண்ணாடி மூடி வைத்துக் காத்திருங்கள். சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு எங்கோ ஒரு நீலப் புள்ளி. பெரும்பாலும் ஒரு தூசியிலோ, தட்டில் ஒரு கீறலிலோ, ஒட்டிக்கொண்ட குமிழிலோதான் முளைக்கும். பிரேயின் எதிராளிகள் தூசி என்றபோது முழுத் தவறாகவும் சொல்லவில்லை: ஆட்டத்துக்குக் காரணம் தூசி அல்ல, ஆனால் எங்கே தொடங்குவது என்பதைத் தூசி தீர்மானிக்கலாம். புள்ளி வளையமாகி விரியும், நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில். அதே மையத்திலிருந்து அடுத்த வளையம், அதற்குப் பின்னால் இன்னொன்று. வேறு மையத்திலிருந்து வரும் வளையம் எதிரே வந்து முட்டும்போது நன்றாகக் குனிந்து பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போகாது. முட்டிய இடத்தில் இரண்டும் அழிந்துவிடும். ஏனென்றால் நீலம் கடந்துபோன இடத்தில் அப்போதுதான் புரோமைடு நிறைந்திருக்கும். அங்கே உடனே மறுபடி தீப்பிடிக்க முடியாது.

முடிந்தால் ஒரு வெள்ளிக் கம்பியின் முனையைச் சிவப்புப் படலத்தில் தொட்டு எடுங்கள். தொட்ட இடத்திலிருந்தே நீல வளையம் கிளம்பும். வெள்ளி அங்கிருந்த புரோமைடைப் பிடித்துக்கொண்டது, தடை விலகியது, பெருக்கம் பாய்ந்தது. ஆறாவது குறிப்பில் நான் எழுதிய அத்தனையும் அந்த ஒரு தொடலில் கண்ணுக்குத் தெரியும். தட்டைக் குலுக்கி வளையத்தை உடைத்துப் பாருங்கள். அறுந்த நுனி உள்ளுக்குள் சுருண்டு சுருள் அலையாகச் சுழலத் தொடங்கும்.

11. வளையம் கண்டதெல்லாம் இந்த வகை என்று நினைத்துவிடாதீர்கள். 1896-இல் ரஃபேல் லீசகாங் ஜெலட்டினில் பொட்டாசியம் டைகுரோமேட் கலந்து உறையவைத்து, மேலே ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டார். வெள்ளி குரோமேட் வீழ்படிவு பட்டை பட்டையாக, வளையம் வளையமாக விழுந்தது. இதில் நம் நாட்டுக்காரர்களுக்கு நீண்ட தொடர்பு உண்டு. அலகாபாத்தில் நீல் ரத்தன் தர் 1920-களில் இதற்கொரு விளக்கம் சொன்னார். திருச்சியில் பிறந்த நம் சி.வி. ராமன் பெங்களூரில் இருந்தபோது கே. சுப்பராமையாவோடு சேர்ந்து 1939-இல் இந்தப் பட்டைகள் அலைத்தன்மை கொண்டவை என்று கட்டுரை எழுதினார். ஒளியலைகளில் காணும் குறுக்கீடு போன்ற கோலங்கள் அவற்றில் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். படங்கள் இன்றும் பார்க்க அழகு. விளக்கமாக நின்றது வேறொன்றுதான்: வெள்ளி ஊறிப் பரவும்போது ஓர் இடத்தில் செறிவு எல்லை மீறுகிறது, வீழ்படிவு விழுந்து சுற்றிலுமுள்ளதைக் காலி செய்கிறது, இன்னும் தள்ளிப்போய்த்தான் மறுபடி எல்லை மீற முடிகிறது. ஆஸ்ட்வால்டு 1897-லேயே இந்தத் திசையில் யோசித்தார்.

வித்தியாசம் எங்கே? லீசகாங் பட்டை விழுந்தது விழுந்ததுதான். அந்த இடம் திரும்ப நிறம் மாறாது. நம் தட்டில் ஒரே இடம் திரும்பத் திரும்பச் சிவப்பாகவும் நீலமாகவும் ஆகிறது. லீசகாங் பட்டையில் எல்லை உண்டு, காலியாதல் உண்டு, மீட்பு இல்லை. நடுவர் கேட்டால் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எளிதில் செய்யலாம் என்பதால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுவேன். ஆனால் டைகுரோமேட் நச்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

12. வெயிலைக் குறித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் நம் ஊர்க் கூடத்தில் செய்வதும் மார்கழிக் காலையில் செய்வதும் ஒன்றல்ல. பத்து டிகிரி ஏறினால் ஆட்டம் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமெடுக்கும். ஒத்திகையில் நிமிடத்துக்கு ஒன்று மாறியது, கண்காட்சிப் பந்தலில் இருபது விநாடிக்கு ஒன்று மாறுகிறதே, தப்பா என்று பதற வேண்டாம். நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வெப்பநிலை இல்லையென்றால் அந்த நோட்டு வெறும் தாள்.

13. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பிளாட்டினம் கம்பி, ஒரு ஒப்பீட்டு மின்முனை, ஒரு மல்டிமீட்டர். கரைசலின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைச் சில விநாடிக்கு ஒருமுறை எழுதி வரைபடம் போடுங்கள். ஒப்பீட்டு மின்முனைக்குள் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கும். கசிந்தால் ஒன்பதாவது குறிப்பு. இடையில் குளோரைடு இல்லாத உப்புப் பாலம் வையுங்கள். வரைபடம் வந்ததும் அதன் வடிவத்தைப் பாருங்கள்: அழகான சைன் வளைவு வராது. செங்குத்தான ஏற்றம், நீண்ட சரிவு. ஏற்றம் பெருக்கத்துடையது, சரிவு தாமதத்துடையது.

14. உங்கள் குடுவையிலிருக்கும் சீரியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நாஞ்சில் நாட்டுக் கடற்கரையைக் காட்டலாம். மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட்டில் அரியவகை உலோகங்களில் சீரியமே அதிகம். ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் அங்கே அதை அடையாளம் கண்டார். அதே மணலில் கிடைக்கும் ஜிர்கானைத்தான் கிளேஸை வெண்மையாக்க நாம் போடுகிறோம். தட்டின் வெண்மையும் குடுவையின் மஞ்சளும் ஒரே கடற்கரைச் சரக்கு. பாடத்துக்கு இது தேவையில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

15. செராமிக் படிக்கிறவர்களுக்கென்றே ஓர் எடுத்துக்காட்டு உண்டு, அதைக் கண்காட்சிப் பலகையில் எழுதுங்கள். கார்களின் புகைக்குழாயில் தேன்கூடு போல ஒரு பீங்கான் கட்டை இருக்கும். சூளையில் தட்டாகவும் தாங்கியாகவும் நாம் அடுக்குகிறோமே, அந்தக் கார்டியரைட்தான். வெப்பத்தில் அதிகம் விரியாது என்பதால் அங்கேயும் அதுவே. அதன் சுவர்களில் பிளாட்டினம் பூசியிருப்பார்கள்; கார்பன் மோனாக்சைடு அதன்மேல் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகும். இந்த எரிதலைச் சுத்தமான பிளாட்டினப் படிகத்தின்மேல், குறைந்த அழுத்தத்தில், வாயுக்களை ஒரே சீராக விட்டபடி பார்த்தால் அதன் வேகம் தானாக ஏறி இறங்குகிறது. கெர்ஹார்ட் எர்ட்ல் குழு அதன் காரணத்தைப் பிரித்தது. மோனாக்சைடு அதிகம் ஒட்டினால் பிளாட்டினத்தின் மேற்பரப்பு அணுக்களின் அடுக்கே மாறுகிறது. மாறிய அடுக்கில் ஆக்சிஜன் எளிதில் ஒட்டுகிறது. ஆக்சிஜன் வந்தால் மோனாக்சைடு எரிந்து காலியாகிறது. காலியானதும் அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்புகின்றன. ஆக்சிஜன் ஒட்டுவது குறைந்து மறுபடி மோனாக்சைடு சேர்கிறது. அணுக்கள் இடம் மாற எடுக்கும் நேரம்தான் தாமதம். குடுவையில்லை, தண்ணீரில்லை, புரோமேட்டில்லை, ஆனால் அதே மூன்று நிபந்தனைகள். திடப்பரப்பு வேதியியலுக்காக 2007 நோபல் எர்ட்லுக்குப் போனது.

உயிருள்ளவற்றிலும் இதையே காணலாம். ஈஸ்ட் செல்களில் சர்க்கரை உடையும் வழியின் இடைப்பொருள்கள் ஏறி இறங்குவதை ஏ. கோஷ், பிரிட்டன் சான்ஸ் இருவரும் 1964-இல் காட்டினார்கள். உயிரணு ஒருபோதும் மூடிய குடுவை அல்ல. சாப்பாடு உள்ளே வந்துகொண்டே இருக்கிறது.

16. மேலே படிக்க விரும்புகிறவர்கள் வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. கோரக்பூரில் ஆர்.பி. ரஸ்தோகியும் அவர் மாணவர்களும் ஊசலாடும் வினைகளில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். லட்சுமணன் வளர்த்த நேரிலா இயக்கவியல் மையம் இருக்கிறது. இதே ஆட்டத்தைச் சமன்பாடாகப் பார்க்கிறவர்கள் அவர்கள். கணக்கு கசக்கிறது என்று ஒதுங்காதீர்கள். மூன்று மாறிகள் கொண்ட ஒரேகனேட்டர் மாதிரியை, ஃபீல்டும் நோய்ஸும் 1974-இல் எழுதியது, ஒரு சாதாரண கணினியில் போட்டு வரையலாம். எந்தச் செறிவில் ஆட்டம் பிறக்கிறது, எந்தச் செறிவில் சாகிறது என்று புரோமேட்டை வீணாக்காமல் பார்த்துவிடலாம்.

17. அளவு கேட்பீர்கள் என்று தெரியும். தொடங்குவதற்குக் கந்தக அமிலம் லிட்டருக்கு 1 மோல் அருகில், மலோனிக் அமிலம் 0.3, புரோமேட் 0.06, சீரியம் 0.002. இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். முதல் ஆட்டத்துக்கு முன் சில நிமிடம் ஒன்றும் நடக்காமல் நிற்பது சகஜம். புரோமோமலோனிக் அமிலம் போதிய அளவு சேர வேண்டும், இல்லையேல் தடைக்குச் சரக்கு இல்லை. சிலர் அந்தக் காத்திருப்பைப் பொறுக்காமல் இன்னும் ஒரு கரண்டி எதையாவது போட்டுக் கெடுப்பார்கள்.

18. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் அல்ல. புரோமேட் தீ வளர்க்கும் பொருள், உள்ளே போனால் சிறுநீரகத்தைத் தாக்கும். எடை போட்ட தாளை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். புரோமின் வாசனை அடித்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் கரைசல் கலக்கவே வேண்டாம்.

முடிந்த கரைசலை அப்படியே சாக்கடையில் கொட்டினால் அது சுற்றி மணிமுத்தாற்றுக்குத்தான் போகும். காற்றோட்டமான இடத்தில் வைத்து, சோடியம் பைசல்ஃபைட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புரோமின் நிறம் முழுதும் போகும்வரை கலக்குங்கள். பிறகு சமையல் சோடாவை நுரை அடங்கும்வரை தூவுங்கள். லிட்மஸ் தாள் போட்டுப் பார்த்து, அமிலம் இல்லையென்றால் ஆய்வகக் கழிவுக் கேனில் ஊற்றி, கேன் மேல் என்ன, எப்போது என்று எழுதி ஒட்டுங்கள். தட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தரம் அலசிக் கவிழ்த்து வையுங்கள், அடுத்த குழு அதே தட்டைக் கேட்டு வரும்.